கடலோர ரெசிடென்சில அஞ்சு வாரம்: எல்லாரும் கேக்கற கேள்விகளுக்கு ஒரே எடத்துல பதில்

2025-ல பொங்கல் முடிஞ்ச கையோட கெளம்பி, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல கடலோரமா இருக்கற ஒரு சின்ன ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சில அஞ்சு வாரம் தங்கி வேலை பண்ணிட்டு வந்தேன். எனக்கு ஊர் கோயமுத்தூர், பொழப்பு பேக்கேஜ் டிசைன், அதாவது முறுக்கு பாக்கெட், ஊறுகா லேபிள் இந்த மாதிரி. கடல்ங்கறது டூர்ல போயி கால் நனைச்சுட்டு சுண்டல் சாப்ட்டு வர்ற எடம், அவ்ளோதான் எனக்கு. திரும்பி வந்ததுல இருந்து ஒரே கேள்விகளே மாத்தி மாத்தி வருது, அதான் உக்காந்து மொத்தமா எழுதிட்டேன்.

ரெசிடென்சின்னா என்னக்கா, ரிசார்ட்டா காலேஜா?

ரெண்டும் இல்ல. தங்க ஒரு ரூம், வேலை பண்ண ஒரு ஷெட், யாரும் கூப்பிடாத நேரம், இது மூணையும் குடுப்பாங்க. கிளாஸ் கிடையாது, சர்டிஃபிகேட்டுக்காக போனா ஏமாந்துருவீங்க. கடைசில நீங்க பண்ணத அக்கம்பக்கத்துக்கு தொறந்து காட்டணும், அத ஓப்பன் ஸ்டூடியோன்னு சொல்றாங்க.

நம்ம கரைக்கு இது புதுசும் இல்ல. ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டல் ஓவியர் கிராமம் 1966-லயே ஆரம்பிச்சாச்சு. மெட்ராஸ் ஓவியக் கல்லூரில பிரின்சிபாலா இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர்கிட்ட படிச்சவங்களும் பாட்டிக் துணி, கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து, அந்த காசுல மணல்காட்டுல நெலம் வாங்கி, அங்கயே வீடு கட்டி வேலை பண்ணிருக்காங்க. இன்னிக்கும் போயி பாக்கலாம், மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்குன்னு ஒரு மியூசியமும் உள்ளயே இருக்கு. அங்க வாழ்ந்து 1973-ல இறந்துபோன ஓவியர் கே. ராமானுஜத்தோட படங்கள பாத்தீங்கன்னா கனவுல வர்ற மாளிகையும் விசித்திரமான உருவங்களுமா இருக்கும். கடல் பக்கத்துல உக்காந்துட்டு கடலத்தான் வரையணும்னு சட்டம் ஒண்ணும் இல்லன்னு எனக்கு அங்கதான் தைரியம் வந்துச்சு.

காசு அவங்க தருவாங்களா, நாம கட்டணுமா?

மூணு விதமும் இருக்கு. சில எடத்துல தங்கறதும் சாப்பாடும் குடுத்து மெட்டீரியலுக்கும் கொஞ்சம் பணம் தருவாங்க, சில எடத்துல ரூம் மட்டும் ஃப்ரீ, சில எடத்துல வாடகையே நாமதான். நான் போனது ரெண்டாவது வகை. அப்ளிகேஷன்ல பத்து படமும் ஒரு பக்கம் எழுத்தும் கேட்டாங்க. அந்த ஒரு பக்கத்துல "இயற்கையோட ஒன்றி" "அலைகளின் மொழி" இந்த மாதிரிலாம் எழுதாதீங்க ப்ளீஸ், படிக்கறவங்க ஒரு நாளைக்கு அம்பது அலை மொழி படிப்பாங்க. என்ன பொருள எடுத்து என்ன பண்ணப் போறேன்னு நேரா எழுதுங்க. நான் எழுதுனது "அடும்புக் கொடிய சயனோடைப்ல பதிக்கணும், மீன காகிதத்துல பதிக்கணும், மத்தது அங்க வந்துதான் தெரியும்". இவ்ளோதான், கெடைச்சுது. (அடும்பு மணல்ல படர்ற கொடி, சயனோடைப் வெயில்ல பதியற நீல அச்சு, ரெண்டும் கீழ வருது.)

என்ன என்ன எடுத்துட்டு போகணும்?

நான் கொண்டு போனதுல பாதி வேஸ்ட். ஈசல், அதாவது படம் வரையற ஸ்டாண்டு, எடுத்துட்டு போனேன், மூணாவது நாளே காத்து தூக்கி அடிச்சுருச்சு, அப்பறம் அத துணி காயப்போட யூஸ் பண்ணேன். ஆயில் பெயின்ட் கரைல வேலைக்கே ஆகாது, காயறதுக்குள்ள மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆயிரும், ஷெட்டுக்குள்ள வெச்சு பண்றதுன்னா பரவால்ல. அக்ரிலிக் காத்துல பேலட்லயே காஞ்சு போகும்.

உருப்படியா ஆனது என்னன்னா, 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர் (நல்ல தடிமனா இருக்கும்), கெட்டி அட்டைல கிளிப் ரெண்டு பக்கமும், மூடி போட்ட டப்பாக்கள், பழைய காட்டன் வேட்டி ஒண்ணு, பிஸ்கட் டின். ஆமா பிஸ்கட் டின். கடலோரத்துல ஈரப்பதத்த பேப்பர் அப்டியே குடிச்சுரும், காலைல எடுத்தா அப்பளம் வறுக்கறதுக்கு முன்னாடி நமுத்துப் போனா எப்டி இருக்கும் அப்டி இருக்கும். டின்ல ஈரத்த உறிஞ்சற சிலிகா ஜெல் பாக்கெட் நாலு போட்டு பேப்பர வெச்சு மூடி, ஓரத்துல டேப் ஒட்டிருங்க. கத்தரிக்கோல், பின், கம்பி எல்லாம் ஒரு வாரத்துல துரு புடிக்கும், தேங்கா எண்ணெய் ஒரு தொடப்பு தொடச்சு வெச்சா போதும். துரு வேணும்னா அதுவும் ஒரு வேலைக்கு ஆகும்ங்க, வினிகர்ல நனைச்ச துணில பழைய ஆணி, படகு போல்ட்டு இதெல்லாம் சுத்தி வெச்சா ரெண்டு நாள்ல அச்சு அப்டியே பதியுது. கோயமுத்தூர்ல இதே வேலைக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு, உப்புக்காத்து அவ்ளோ வேகம்.

போன உடனே வரைய ஆரம்பிச்சிட்டீங்களா?

எங்க. மொத வாரம் முழுக்க சூரிய உதயமும் படகும்தான் வரைஞ்சேன், அதாவது காலண்டர். எனக்கே தெரியுது இது முன்னாடியே லட்சம் தடவ பாத்த படம்னு, ஆனா கை அதத்தான் போடுது. எட்டாவது நாள் அத்தனையும் திருப்பி வெச்சுட்டு ஒரு வேலை பண்ணேன், ஒரு கயிறு எடுத்து மணல்ல ரெண்டு முழத்துக்கு ரெண்டு முழம் கட்டம் கட்டி, அதுக்குள்ள இருக்கறத மட்டும் தெனமும் ஒரு மணி நேரம் வரையறதுன்னு. நண்டு வளை, அதச் சுத்தி நண்டு தோண்டி வெளிய எறிஞ்ச மணல் உருண்டை, கறுப்பு மணல் கோடு, நண்டு கால் தடம், ஒரு பாட்டில் மூடி. மறுநாள் போனா எல்லாமே மாறி இருக்கும். அஞ்சு வாரத்துல எனக்கு உருப்படியா வந்த வேலை அந்த கட்டத்துல இருந்து வந்ததுதான்.

அந்த கறுப்பு மணல் அழுக்குன்னு நெனச்சேன். அது இல்மனைட், மேக்னடைட் மாதிரி கனமான தாது, அலை லேசான மணல இழுத்துட்டு போயி கனமானத விட்டுட்டு போறதால கோடு கோடா நிக்குது. காந்தத்த ஒரு கவர்ல போட்டு மேல காட்டுனா மீசை மாதிரி எந்திரிச்சு ஒட்டும். கோலம் போடற பழக்கம் இருக்கறவங்களுக்கு அலை போட்ட அந்த கோட்ட பாத்தா கை சும்மா இருக்காது.

எந்த நேரத்துல வெளிச்சம் நல்லா இருக்கும்?

நம்ம கரை கெழக்க பாத்தது, இத மறந்துடறாங்க. காலைல சூரியன் கடல்ல இருந்து நேரா மூஞ்சிக்கு வரும், எல்லாமே எதிர்வெளிச்சம், படகு மனுஷன் எல்லாம் கறுப்பு உருவமாத்தான் தெரியும், கடல் தகரம் மாதிரி பளபளக்கும், நெறம் பாக்க முடியாது. ஜனவரி கடைசில சூரியன் வர்றதே ஆறரை மணிக்கு மேலதான், அதுக்கு முன்னாடி இருக்கற அரை மணி நேரம்தான் சாம்பல், ஊதா எல்லாம் இருக்கும். மத்தியானத்துக்கு மேல சூரியன் நம்ம முதுகுக்கு பின்னாடி போயிருமா, அப்பதான் கடலோட உண்மையான நெறமே தெரியும், கரைப் பக்கம் டீ கலர், அப்பறம் பச்சை, அப்பறம் நீலம்னு பட்டை பட்டையா. நாலு மணிக்கு மேல சவுக்குத் தோப்பு நெழல் மணல்ல நீளமா விழும்.

அலை ஏற்றம் எறக்கம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, தெனமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும். சென்னை பக்கம் அமாவாசை பௌர்ணமிக்கே ஏறக்குறைய ஒரு மீட்டர் வித்தியாசம்தான் அதனால பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா மணல்ல ஏதாவது செஞ்சு வெச்சு போட்டோ எடுக்கணும்னா டைம் பாத்துக்கோங்க. நான் பாக்காம மூணு மணி நேரம் செப்பல் வார்ல ஒரு வேலை செஞ்சு, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மொத்தமும் போச்சு. செப்பல் வாரெல்லாம் மறுபடி பொறுக்குனதுதான் மிச்சம்.

கடலோரத்துல செடி என்ன இருக்கு வரைய?

நெறைய. மொத ஆளு அடும்பு, அதாவது அடம்பங்கொடி. மணல்ல நீளமா படர்ந்து ஊதாப் பூ பூக்கும். இலை நடுவுல பொளந்து ரெண்டா இருக்கும், சங்கப்பாட்டுல இத மான் குளம்புக்கு ஒப்பிட்டிருக்காங்க, வரைஞ்சு பாத்தப்பதான் அது எவ்ளோ கரெக்டுன்னு புரிஞ்சுது, ஸ்கூல்ல படிக்கறப்போ மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனதோட சரி. நெய்தல் திணைல வர்ற புன்னை, தாழை, கண்டல் இதையெல்லாம் இங்க நேர்ல பாத்துட்டு வரையலாம், தாழைய மட்டும் கிட்ட போயி வரையாதீங்க, ஓரம் பூரா முள்ளு.

எனக்கு புடிச்சது ராவணன் மீசை. அந்த புல்லோட காய்க்கொத்து காஞ்சு பந்து மாதிரி முள்ளு முள்ளா ஆயிரும், காத்தடிச்சா மணல்ல உருண்டு ஓடிட்டே இருக்கும், ஓடற வழில சின்ன சின்ன புள்ளியா தடம் போடும். நான் அத மையில லேசா தொட்டு, நீளமான பேப்பர மணல்ல விரிச்சு நாலு மூலைலயும் கல்லு வெச்சு, காத்துல விட்டுட்டேன். அதுவே உருண்டு வரைஞ்சுருச்சு. பதினாலு தடவ விட்டதுல மூணு நல்லா வந்துச்சு, நாலு கடலுக்கு போயிருச்சு, அத தொரத்திட்டு நான் ஓடுனத பாத்து கிரிக்கெட் ஆடுன பசங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே.

சயனோடைப் கடலோரத்துல சரியா வருமா? எனக்கு நீலமே வரல.

இதுதான் எல்லாரும் அதிகமா கேக்கறது. மொதல்ல என்னன்னு தெரியாதவங்களுக்கு, இது வெயில்ல பதியற நீல அச்சு. 1842-ல ஜான் ஹெர்ஷல் கண்டுபுடிச்சது, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்ங்கற அம்மா கடல்பாசிய பேப்பர் மேல வெச்சு பதிச்சு புக்காவே போட ஆரம்பிச்சுட்டாங்க, அதனால கடலுக்கும் இதுக்கும் பொறக்கறப்பவே சொந்தம்.

கலவை சிம்பிள். 100 மில்லி தண்ணில ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் ஒரு பாட்டில், இன்னொரு 100 மில்லில பொட்டாசியம் ஃபெரிசயனைட் 10 கிராம் வேற பாட்டில். வேணுங்கறப்போ ரெண்டையும் சமமா கலந்து, மங்கலான வெளிச்சத்துல பேப்பர்ல பூசி, இருட்டுல காய வெச்சு, மேல இலைய வெச்சு கண்ணாடி அமுக்கி வெயில்ல வைக்கணும். எனக்கு பன்னெண்டு மணி வெயில்ல ஏழெட்டு நிமிஷம் போதுமானதா இருந்துச்சு. அப்பறம் தண்ணில அலசுனா வெயில் படாத எடத்துல பூசுனது கரைஞ்சு போயி, வெயில் பட்ட எடம் மட்டும் நீலமா நிக்கும்.

இப்ப நீலம் ஏன் வரலன்னா, கடலோரத்துல ரெண்டு வில்லன். ஒண்ணு ஈரம். பூசுன பேப்பர ராத்திரி பூரா வெளிய காய விட்டா காலைல அது இருட்டுலயே மங்கிப் போயிருக்கும், அலசுனா பின்னாடி வெள்ளை எடமெல்லாம் அழுக்கு நீலம். அன்னிக்கு பூசுனத அன்னிக்கே யூஸ் பண்ணணும், ஹேர் டிரையர் கூல் செட்டிங்ல வெச்சு காய வைங்க. ரெண்டாவது தண்ணி. நாங்க இருந்த எடத்துல போர் தண்ணி, சோப்பு போட்டா நுரையே வராது அவ்ளோ கடினம், அதுலயும் காரத்தன்மை இருந்தா அச்சுல விழற பிரஷ்யன் நீலத்த அது அப்டியே தின்னுரும். நான் மொத ஆறு பிரிண்ட்ட அலசி அலசி கண்ணு முன்னாடியே மஞ்சளா மாத்திட்டு அழுதுட்டே உக்காந்திருந்தேன். சமையல் பண்ற அக்காதான் "எலுமிச்ச புழிஞ்சு விடு கண்ணு, செம்பு பாத்திரத்துக்கு அப்டித்தான் பண்ணுவோம்"னாங்க, அவங்க சொன்ன காரணம் வேற ஆனா மருந்து சரியான மருந்து. மொத அலசல்ல லேசா எலுமிச்சை இல்லன்னா வெள்ளை வினிகர் ஒரு மூடி, கடைசி அலசலுக்கு கேன் தண்ணி. அப்பறம் வந்த நீலம் இன்னும் செவுத்துல இருக்கு. அலசுன தண்ணிய கடல்லயோ கெணத்துலயோ ஊத்தாதீங்க, அந்த ஃபெரிசயனைட்டோட கடுமையான ஆசிட் எதையும் சேக்காதீங்க, சூடும் பண்ணாதீங்க.

கடல் தண்ணிலயே வாட்டர்கலர் கலக்கலாமா? வீடியோல சூப்பரா இருக்கே.

வீடியோல சூப்பராத்தான் இருக்கும். உப்பு காயறப்போ நெறத்த இழுத்து பூப்பூவா பண்ணும், பேப்பர்ல பனி விழுந்த மாதிரி. நானும் பன்னெண்டு பண்ணேன், ரொம்ப பெருமை. ஜூன்ல கோயமுத்தூர்ல மழை ஆரம்பிச்சதும் ஃபைல தொறந்தா எல்லாம் வேர்த்திருக்கு. உப்பு காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிட்டே இருக்கும்ல, காயும், நனையும், காயும், நனையும், பேப்பர் நெளிஞ்சு நெறம் பக்கத்து பேப்பர்ல ஒட்டி, பன்னெண்டுல ஒண்ணுதான் மிச்சம்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கல்லுக்கும் இதே நோய்தான். உப்பு கல்லுக்குள்ள ஏறி அரிக்குது, அத வெளிய எடுக்க தொல்லியல் துறை காகிதக் கூழ கல்லு மேல அப்பி காய விடுவாங்க, கூழ் உப்ப உறிஞ்சிக்கும். அவங்க பேப்பர வெச்சு உப்ப எடுக்கறாங்க, நான் காசு குடுத்து வாங்குன பேப்பர்ல உப்ப ஏத்திட்டு இருந்தேன்.

மாமல்லபுரம் போகணுமா, டூரிஸ்ட் கூட்டமா இருக்குமே?

போங்க. விடியக்காலைல போயி அர்ச்சுனன் தபசு பாறை முன்னாடி ஒரு மணி நேரம் உக்காருங்க, சாமிய விடுங்க, மிருகங்கள பாருங்க. பின்னங்கால தூக்கி மூக்க சொறியற மான் ஒண்ணு இருக்கு, பக்கத்துல எலிகள வெச்சுகிட்டு தவம் பண்ற பூனை இருக்கு, யானை காலடில குட்டிங்க. ஏழாம் நூத்தாண்டுல எவனோ ஒருத்தன் மான நாள் கணக்கா பாத்துருக்கான், இல்லன்னா அந்த சொறியறது வராது. இயற்கைய பாத்து கலை பண்றதுன்னா என்னன்னு நூறு லெக்சர் கேக்கறதுக்கு பதிலா அந்த மான் போதும்.

மீன அப்டியே பேப்பர்ல பதிக்கறது எப்டி?

ஜப்பான்ல கியோடாகுன்னு சொல்வாங்க, அங்க மீன் புடிக்கறவங்க என்ன சைஸ்ல புடிச்சேன்னு காட்ட மைய பூசி பதிச்சு வெச்சது, பத்தொன்பதாம் நூத்தாண்டுல இருந்து இருக்கு. நம்ம மீனுக்கு நல்லாவே வருது. செதில் பெருசா இருக்கணும், மடவை, கொடுவா, சங்கரா ஓகே. வஞ்சிரத்துல ஒண்ணும் பதியாது, வழவழன்னு இருக்கும், அதோட வெலைக்கு பதிச்சுட்டு தூக்கி எறியவும் மனசு வராது.

மீன் மேல இருக்கற கொழகொழப்ப கல்லுப்பு போட்டு மெதுவா கழுவி எடுங்க, செதில் போகக்கூடாது. நல்லா ஒத்தி எடுத்து, செவுள்லயும் பின்னாடி தொளைலயும் பஞ்சு அடைச்சிருங்க இல்லன்னா அமுக்கறப்போ தண்ணி கசிஞ்சு எல்லாம் நாசம். தெர்மோகோல்ல படுக்க வெச்சு துடுப்ப விரிச்சு குண்டூசி குத்தி, மைய ரொம்ப மெல்லிசா பூசி, மெல்லிசான கைக்காகிதத்த மேல போட்டு வெரலால தடவிட்டே போகணும், நடு முதுகுல இருந்து ஓரத்துக்கு. கண்ணு மட்டும் பதியாது, அப்பறம் கையால போட்டுக்கணும்.

மைக்கு கூட நான் கடைக்கு போகல. கடம்பா, அதான் கணவாய், அத கழுவறவங்க மைப் பையத்தான் மொதல்ல கிழிச்சு போடுவாங்க. கெஞ்சி கேட்டு ஒரு டப்பா வாங்குனேன். அத வடிகட்டி, தட்டுல பரப்பி வெயில்ல காய வெச்சு, பொடிச்சு கருவேலம் பிசின் கரைசலோட அரைச்சா அருமையான காப்பி நெறம். செபியான்னு சொல்ற நெறமே இந்த கணவாய் குடும்பத்து மைல இருந்து வந்ததுதான். நாத்தம் பத்தி கேக்காதீங்க, என் ரூம்மேட் ரெண்டு நாள் வராண்டால படுத்தாங்க. கரைல வெள்ளையா ஒதுங்கி கெடக்கற கணவா ஓடு, நாட்டு மருந்துக் கடைல கடல்நுரைன்னு விப்பாங்களே அதேதான், அத நகத்தாலயே செதுக்கலாம், செதுக்கி மை தடவி அச்சு எடுத்தா அதுக்குள்ள இருக்கற வரி வரியான அடுக்கு மர ரேகை மாதிரி விழும்.

சங்கு, சிப்பி, பவளம் எல்லாம் பொறுக்கிட்டு வரலாமா?

சாதாரண மட்டி ஓடு நாலு எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஆனா பவளம், கடல்குதிரை, கடல் அட்டை, கடல்பஞ்சு, சில வகை பெரிய சங்கு இதெல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, செத்து ஒதுங்குனதா இருந்தாலும் வெச்சிருந்தா தப்பு. கடைல விக்கறாங்களேன்னு கேக்காதீங்க, விக்கறதும் தப்புதான். நான் எல்லாத்தையும் அந்த எடத்துலயே வரைஞ்சுட்டு அங்கயே விட்டுட்டு வந்தேன், ஓட்டுக்குள்ள நண்டு குடியிருக்கறதும் உண்டுல்ல.

பவளமும் கடல்பாசியும்தான் உங்க சப்ஜெக்ட்னா சென்னைக் கரை சரியான எடமே இல்ல, இங்க பூரா மணல், பாறை கொஞ்சம்தான். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போங்க. அங்க பாசி எடுக்கற பொம்பளைங்க மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரைன்னு வகை வகையா பேர் வெச்சிருக்காங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட 21 தீவுக்கும் நெனச்ச மாதிரி போக முடியாது, வனத்துறை அனுமதி பாத்துக்கோங்க.

ஆமை பாத்தீங்களா?

பாத்தேன். இந்த கேள்விக்கு எப்பவும் சிரிச்சு பதில் சொல்ல முடியறதில்ல.

பங்குனி ஆமை நம்ம கரைக்கு முட்டை போட வர்றது ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும். நானும் அத மனசுல வெச்சுத்தான் அந்த மாசத்துக்கு அப்ளை பண்ணேன், ராத்திரில ஆமை ஏறி வர்றத சார்க்கோல்ல வரையலாம்னு பெரிய கனவு. 2025 ஜனவரில என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நியூஸ்ல தெரிஞ்சிருக்கும், சென்னைல இருந்து தெக்கு வரைக்கும் கரை பூரா நூத்துக்கணக்குல செத்த ஆமைங்க ஒதுங்குச்சு. ஆமை தண்ணிக்குள்ள மூச்சு விடாது, மேல வந்துதான் காத்து வாங்கணும், இழுவலைல மாட்டிகிச்சுன்னா மேல வர முடியாம மூழ்கிச் சாகுது. மொத நாள் காலைல நடக்கப் போன எனக்கு கெடைச்சது மூணு. கழுத்து வீங்கி கண்ணு வெளிய தள்ளி.

வரையணுமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பறம் வனத்துறைக்காரங்க வந்து குழி தோண்டி பொதைக்கற வரைக்கும் இருக்கற நேரத்துல, தொடாம, நாலடி தள்ளி உக்காந்து ஒவ்வொண்ணையும் வரைஞ்சேன். அஞ்சு வாரத்துல ஒம்போது. ஓட்டுல ஒட்டி இருக்கற கொட்டலசு, துடுப்புல இருக்கற ஒத்த நகம், எல்லாம். அழகா வரையணும்ங்கற எண்ணமே போயிருச்சு, சரியா வரையணும், அவ்ளோதான். அது என் கைய மாத்திருச்சுன்னு நெனைக்கறேன்.

உயிரோட ஒண்ணுதான் பாத்தேன், பிப்ரவரில, சென்னைல மாணவர்கள் 1988-ல இருந்து நடத்திட்டு வர்ற கடலாமை பாதுகாப்புக் குழுவோட ராத்திரி நடைல. டார்ச் கூடாது, ஃப்ளாஷ் கூடாது, அதனால வரையவும் முடியாது. திரும்பி வந்து ஞாபகத்துல இருந்து அது போட்ட தடத்த மட்டும் வரைஞ்சேன், டிராக்டர் டயர் போன மாதிரி இருக்கும். ஆமைய தொடறது, ஓட்ட எடுத்துட்டு வர்றது எல்லாம் சட்டப்படி குத்தம், செத்தத பாத்தா வனத்துறைக்கு சொல்லுங்க.

குப்பத்துல ஜனங்க ஏதாவது சொல்வாங்களா? போட்டோ எடுக்கலாமா?

கரை உங்களுக்கு ஸ்டூடியோ, அவங்களுக்கு ஆபீஸ். நீங்க பேங்க்ல கௌன்டர் முன்னாடி ஈசல் போட்டு உக்காருவீங்களா? படகு எறங்கற நேரம், வலை இழுக்கற நேரம் குறுக்க நிக்காதீங்க. என் கதைய சொல்றேன், கிழிஞ்ச வலை மணல்ல கெடந்துச்சு, குப்பைன்னு நெனச்சு சுருட்டி எடுத்துட்டு வந்து இன்ஸ்டலேஷன் (பொருள்கள அடுக்கி, தொங்கவிட்டு பண்ற கலை) பண்ணலாம்னு அறுக்கப் போறேன், ஒரு அக்கா ஓடி வந்து "ஏம்மா அது என் வீட்டுக்காரரு தைக்கப் போட்டு வெச்ச வலைம்மா"ன்னு புடுங்குனாங்க. எனக்கு மூஞ்சி எங்க வெக்கறதுன்னு தெரியல. சாயங்காலம் போயி மன்னிப்பு கேட்டேன், அவரு வலை தைக்கற ஊசிய குடுத்து முடிச்சு போட சொல்லிக் குடுத்தாரு. நெஜமாவே வேணாம்னு ஒதுக்குன வலைத் துண்டு அவரே ஒரு மூட்டை குடுத்தாரு, அதுலதான் வேலை பண்ணேன். ஆஸ்திரேலியால எரூப் தீவு ஓவியர்கள் கடல்ல ஒதுங்குன வலைய வெச்சு பெரிய பெரிய மீன், ஆமைலாம் செய்றாங்க, தேடிப் பாருங்க.

ஆளுங்கள போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. வரையறதுக்கு கேக்கவே வேணாம், அவங்களே பின்னாடி வந்து நின்னு "மூக்கு சரியில்ல"ம்பாங்க.

எந்த மாசம் போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வடகிழக்குப் பருவமழை, புயல் வந்தா பேக் பண்ணி ஓடணும், 2022 டிசம்பர்ல மாண்டஸ் மாமல்லபுரம் பக்கம்தான் கரையேறுச்சு. ஏப்ரல், மே வெயில் தாங்காது, ஆனா சயனோடைப்புக்கு மட்டும் தங்கம். ஆகஸ்ட் 2019-ல ஒரு ராத்திரி சென்னைக் கரைல அலை நீலமா மின்னுச்சே, நொக்டிலூக்காங்கற நுண்ணுயிர், அத பாக்கணும்னு தேதி போட்டு போக முடியாது, வந்தா அதிர்ஷ்டம்.

பொண்ணா தனியா போனா பரவால்லையா?

எனக்கு பிரச்சினை எதுவும் வரல. இருட்டுன அப்பறம் தனியா கரைக்கு போகல, அவ்ளோதான். கடல்ல எறங்கறது வேற விஷயம், நம்ம கரைல இழுப்பு அதிகம், முழங்காலுக்கு மேல வேணாம்.

கடைசில என்ன காட்டுனீங்க, வித்துச்சா?

கட்டம் கட்டி வரைஞ்ச நோட்டு ரெண்டு, சயனோடைப் பதினொண்ணு, ராவணன் மீசை மூணு, ஆமை ஒம்போது, மீன் அச்சு நாலு. சென்னைல இருந்து வந்தவங்க நீலத்த வாங்குனாங்க, ஆமைகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. ஆமைய நானும் விக்கறதா இல்ல.

குப்பத்துல இருந்தும் சொன்ன மாதிரியே வந்தாங்க, வலைக்கார அக்கா, கடம்பா மை குடுத்த மீன்காரம்மா, கிரிக்கெட் பசங்க. மீன்காரம்மா மடவை அச்சு முன்னாடி இடுப்புல கை வெச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள குஷி, கலை போயி சேந்துருச்சுன்னு. "இத எவ்ளோக்கு வாங்குன?"ன்னு கேட்டாங்க. பேப்பர் வெலையா கேக்கறீங்கன்னேன். "பேப்பரு இல்ல கண்ணு, மீனு. ஏமாத்திட்டான் உன்ன, இது நேத்து மீனு. கண்ணு உள்ள போயிருக்கு பாரு." கண்ணு நான் கையால போட்டது. தட்டையா, குழியா போட்டு வெச்சிருக்கேன், புது மீனுக்கு கண்ணு வெளிய முட்டிகிட்டு பளிச்சுன்னு இருக்கும்னு அஞ்சு வாரம் மீன் மேல கைய வெச்சும் கவனிக்கல. மறுநாள் காலைல கூடை எறங்கற நேரத்துக்கே போயி, அவங்க பக்கத்துல உக்காந்து கண்ணு மட்டும் இருவது வரைஞ்சுட்டு, அப்பறம்தான் பஸ் ஏறுனேன்.